குறில்

மார்த்தாண்டம் பதிவு அலுவலகத்தில்
'சங்கத்தின் பெயர்' என்ற கட்டத்துக்குள்
ஒட்டுப்பால் என்று எழுதிக் கொடுத்தேன்.
பால் சொசைட்டியெல்லாம் கூட்டுறவு ஆபீஸில் என்றார் எழுத்தர்,
தலை நிமிராமல்.

பால்தான் சார். மாடு இல்லை, மரம்.

களியல் பக்கம் வந்து பாருங்கள்.
விடிய மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முந்நூறு மரம் வெட்டுவாள் ஏசுவடியாள்.
சிரட்டையில் வடிவது முதலாளிக்கு.
வடிந்து ஓய்ந்தபின் வெட்டுவாயில் ஒரு நூல் தங்கும்,
காய்ந்து, கறுத்து,
மரத்தின் காயத்தை மூடிக்கொண்டு.
மறுநாள் கத்தி வைக்குமுன் அதை உரித்தாக வேண்டும்.
உரித்தது அவளுக்கு.
சாக்கில் சேர்த்தால் நாறும்.
பிணம்போல என்பார்கள். அவ்வளவு இல்லை.
பேருந்தில் ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு இடவப்பாதியில் நாற்பது நாள் வெட்டு இல்லை.
ஓமனாபாயின் மகனுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.
பதினொரு வீடு, வீட்டுக்கொரு சாக்கு.
றசலையனின் ஆட்டோவில் குலசேகரம்வரை
மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம்.
கடைக்காரர் எண்ணித் தந்தது
ஆறாயிரத்து நானூற்றிப் பத்து.
சங்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.
பெயர்தான் இரண்டு வருடம் பிந்தியது.

உதவ வந்த சென்னைக்காரர்
புதுவிடியல் என்று வையுங்களேன் என்றார்.
விடியும்போது எங்களுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்
என்றாள் வனஜகுமாரி.

பலகை எழுத வந்த சோபிதராஜ்
ஒகரத்தின் காலில் ஒரு சுழி கூடுதலாய்ச் சுழித்துவிட்டான்.
ஓட்டுப்பால்.
தேர்தல் நேரம்.
பறக்கும் படை ஜீப்பை நிறுத்தி
எந்தக் கட்சி, ஓட்டுக்குப் பால் பாக்கெட்டா என்று கேட்டு
நாளிதழ் ஒட்டி மறைத்துவிட்டுப் போனது.
இரண்டு மாதம் பெயரில்லாமல் இருந்தோம்.
கைமாற்றுக்கு வந்தவர்கள்
சாக்கு நாற்றத்தைப் பிடித்துச் சரியாக வந்தார்கள்.

வாக்கு எண்ணிய மறுநாள்
ஏசுவடியாள் ஏணி போட்டு ஏறினாள்.
பால்கத்தியால் அந்தச் சுழியைச் சுரண்டினாள்,
ரப்பரில் செய்வதுபோலவே
தடிக்குள் இறங்காமல்,
பட்டையோடு நிறுத்தி.

'பெயரின் பொருள்' என்று இன்னொரு கட்டம் இருந்தது,
விரலகலம்.
வடிந்தபின் நிற்பது என்று எழுதினேன்.
எழுத்தர் படித்தார். முத்திரை குத்தினார்.
ரசீதில் மட்டும் இன்றுவரை நெடில்தான் போடுகிறார்.