வால் விளிம்பில் ஒரு மடிப்பு

செவ்வாய் காலை ஆறரைக்கு
கவுன்சிலிலிருந்து அழைப்பு:
பேர்ட்லிங்ஸ் ஃபிளாட் கரையில்
ஏதோ பெரிதாக ஒதுங்கியிருக்கிறது,
நாறுவதற்குள் புதைத்துவிடு.

மண்வாரியை ஓட்டிக்கொண்டு போனேன்.
திமிங்கிலம் என்று நினைத்திருந்தேன்.
பாதி மீன்தான் கிடந்தது.
தலை இருந்தது, தலைக்குப் பின் உடம்பு,
உடம்புக்குப் பின்
யாரோ போதும் என்று கையை உதறியதுபோல்
வெறும் விளிம்பு.
என் வண்டியின் வாளியைவிட அகலம்.
தோலைத் தடவினேன், உப்புத்தாள்.
மேலே தெரிந்த கண்ணைக் கடற்காகங்கள்
எனக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தன.

இந்தக் கரையில் குழி தோண்டுவது வீண்வேலை.
எல்லாம் கூழாங்கல்.
ஒரு வாளி அள்ளினால்
ஒன்றரை வாளி சரிந்து உள்ளே வரும்.

மூன்றாவது வாளியில் ஃபோன் அடித்தது.
அருங்காட்சியகம். ரோவீனா என்றாள்.
தோண்டாதீர்கள், ஒன்று மட்டும் பாருங்கள்,
வால் இருக்க வேண்டிய விளிம்பில்
நடுவில் மடிப்பு இருக்கிறதா?

கடற்பாசியைச் சட்டைக் கையால் துடைத்தேன்.
இருந்தது.
திரைச்சீலையின் ஓரத்தில் தையல் விட்டுப்போன இடம்போல
ஒரே ஒரு மடிப்பு.
சொன்னேன்.
அந்த முனையில் பேச்சில்லை.
கார் திரும்பும் விளக்கின்
டிக், டிக் மட்டும்.

முக்கால் மணி நேரத்தில் வந்தாள்,
ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டியபடி
மற்றதைத் தேடிக்கொண்டு.
அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன்.
இரண்டு மீட்டர், பதினோரு சென்டிமீட்டர்.
நெற்றியில் புடைப்பில்லை, முகவாய் தொங்கவில்லை
என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்,
பெண் பார்க்க வந்தவள்போல.
நகத்தளவு தோல் வெட்டிச் சீசாவில் போட்டாள்.
சீட்டில் பென்சிலால் எழுதினாள்.
மை சாராயத்தில் கரைந்துவிடுமாம்.

மோலா டெக்டா, என்றாள்.
மோலா என்றால் திரிகைக்கல்.
டெக்டா என்றால் மறைந்திருந்தது.

எங்கே மறைந்திருந்தது?

எங்கேயும் இல்லை, என்று சிரித்தாள்.
கரையில் ஒதுங்கியது, வலையில் வந்தது,
படத்தில்கூட விழுந்தது.
நாங்கள்தான் இன்னொரு சூரியமீன் என்று எழுதி
டிராயரை மூடிக்கொண்டே இருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பத்தொன்பது வருஷமாக என் சம்பளச் சீட்டில்
டெர்ரி.
முதல் நாள் ஒரு மேற்பார்வையாளருக்கு
நாக்கு மடங்கவில்லை, அவ்வளவுதான்.
என் பெயர் தெ ஆய்ஹே. டால்பின்.
நான் ஒளிந்ததே இல்லை.
ஆறரைக்கு ஃபோனை எடுக்கும்போதெல்லாம்
பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறேன்.

எங்கள் பாஷையில் ராட்டாஹுயிஹுயி, என்றேன்.
இதையா, மற்றதையா?
தெரியவில்லை.
படகிலிருந்து பார்த்தவர்கள்
மடிப்பைத் தேடியிருக்க மாட்டார்கள்.
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி
அதையும் குறித்துக்கொண்டாள்.

கண்டவர் என்று ஒரு கட்டம் இருந்தது.
கண்டது நான் இல்லை,
நாயோடு நடக்க வந்த ஒரு பெண்.
அப்படியானால் நீங்கள்?
புதைப்பவன்.
அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்ச நேரம் இருவரும்
அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் கார் மேடேறிப் போனபோது
அலை ஏறத் தொடங்கியிருந்தது.
குழி பாதி தூர்ந்துவிட்டது.
மீண்டும் தோண்டியிருக்கலாம்.
எஞ்சினை அணைத்துவிட்டு
பிளாஸ்கைத் திறந்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ அலை
அதைத் தூக்கிப் புரட்டிப் போட்டது.
மறுபக்கத்துக் கண் பழுதில்லாமல் இருந்தது,
மாட்டுக்கண் அளவு, ஈரமாக.
அடுத்த அலைக்குப் பிறகு
கூழாங்கற்கள் உருண்டு இறங்கும் சத்தம்தான்.

வேலைச் சீட்டில்
புதைக்கப்பட்டது என்பதை அடித்து
கடல் எடுத்துக்கொண்டது என்று எழுதினேன்.
கீழே முழுப் பெயரில் கையெழுத்து.

வியாழக்கிழமை சம்பளப் பிரிவிலிருந்து அழைத்தார்கள்.
யாரோ ஒருவருடைய சீட்டு
உங்கள் வண்டி எண்ணில் வந்திருக்கிறது,
அப்படி ஓர் ஆள் எங்கள் பட்டியலில் இல்லை,
செவ்வாய்க்கிழமை
டெர்ரி எங்கே போயிருந்தார்?