எண்ணெய் காய்கிற சத்தம்

குமுளியில் இறங்கி
கேட்டைத் தாண்டி நடந்தால்
அடுத்த பஸ் சிவப்பு.
ஜன்னலில் கண்ணாடி இல்லை, தார்ப்பாய்.
மழை விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில்
கயிற்றை அவிழ்த்துவிட
மத்தியானம் இரண்டு மணிக்கு
உள்ளே இருட்டிவிட்டது.
வண்டிப்பெரியாறும் பாம்பனாறும்
நான் பார்க்காமலே போயின.
பீருமேட்டில் இறங்கியபோது நனையாதது
சர்டிபிகேட் கவர் மட்டும்:
அப்பா அதை
உரச்சாக்கின் உள்தாளில் சுற்றியிருந்தார்.

முதல் வாரம்
பருப்புப்பொடி கட்டி தட்டியது.
பெல்ட்டில் பச்சையாய் ஏதோ பூத்தது.
ஒரு ஜீன்ஸ் காய ஒன்பது நாள்.
ஒன்பதாம் நாளும் அது காயவில்லை,
எனக்குத்தான் ஈரம் பழகிவிட்டது.

அடுத்த கட்டில் ஜிஸ்மோள், ஏலப்பாறைக்காரி.
காலையில் கண் திறக்குமுன்
கையை நீட்டிக் கொடியைத் தொட்டு
"உணங்ஙியில்ல" என்பாள்.
அந்தச் சொல்லை நான்
பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்,
மணலில் மீன் பரப்பியிருந்த ஒரு பக்கத்தில்.
அது இங்கே ஓர் உள்ளாடையைப் பற்றி
இவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தது.

வகுப்பு வாசலில் எழுபது கறுப்புக் குடை.
மூன்று முறை யாருடையதையோ
விரித்துக்கொண்டு போனேன்.
யாரும் கோபிக்கவில்லை.
இங்கே குடை கைமாறலாம்,
நனைந்து வருவதுதான் குற்றம்.

நர்சிங் முதலாண்டு.
"பனி உண்டெங்கில்
மணிக்கொரு தடவை குறிக்கணும்" என்றார் மேடம்.
பனி என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே அது நின்றது,
தேயிலைச் சரிவை முழுசாக விழுங்கி.
இதையுமா அளக்கிறார்கள்?

அடுத்த வாரம் எனக்கே வந்தது.
நூற்றிரண்டு.
"கனிக்குப் பனியா" என்று
ஜிஸ்மோள் வராந்தாவில் வார்டனிடம் சொல்கிறாள்.
போர்வைக்குள் சிரித்தேன்.
சண்முகக்கனி என்று பேர் வைத்தவர்களுக்கு
இப்படி ஓர் எதுகை காத்திருந்தது
தெரிந்திருக்காது.

அப்பாவிடம் எதையும் சொல்ல முடியாது.
விளாத்திகுளத்துக்குத் தெற்கே எங்கள் கரிசலில்
ஆடி மாதம் வெடிப்புக்குள்
செருப்பு மாட்டிக்கொள்ளும்.
மிளகாய் விதைப்பு ஐப்பசியை நம்பி.
அதுவரை அவர்
மேகத்தைப் பற்றிப் பேச்செடுக்கமாட்டார்.

ஏழரைக்கு போன் வரும்.
எங்கள் மாடி தகரக் கூரை.
படியிறங்கி, மெஸ்ஸைத் தாண்டி,
கான்கிரீட் போட்ட ஸ்டோர் ரூமில்
வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசுவேன்.
அங்க மழையாம்மா?
இல்லப்பா. சும்மா தூத்தல்.

ஒருநாள் ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள்.
மெஸ் வாசலில் நின்று எடுத்தேன்.
என்ன சத்தம் அது?
எண்ணெய் காயுதுப்பா. வடை போடுறாங்க.
அவர் சும்மா இருந்தார்.
நானும்.
எண்ணெய் மட்டும்
பெரிய சட்டியில் காய்ந்துகொண்டே இருந்தது.

"இம்புட்டு நேரமாவா வடை போடுதாக?"
அப்புறம்,
"போனைக் கொஞ்சம் வெளிய நீட்டு."

நீட்டினேன்.
முழங்கை வரை நனைந்தது.
எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ,
திரும்பக் காதில் வைத்தபோது
அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து
ஏதோ கேட்டது.
சாப்பிட்டாயா என்பதாக இருக்கலாம்.
திரை ஒருமுறை வெளுத்து அணைந்தது.

மெஸ் சேச்சி ஒரு டப்பா மட்டை அரிசி தந்தார்.
போனை அதில் புதைத்து வைத்தோம்.
ஜிஸ்மோள் போனில்
அப்பாவுக்கு ஒரு மெசேஜ்: போன் ரிப்பேர், நான் நல்லா இருக்கேன்.

மூன்றாம் நாள் காலை
அரிசிக்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்து
கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
அரைத் தூக்கத்தில் ஜிஸ்மோள் என்னவென்று கேட்க,
என் வாய்
என்னைக் கேட்காமலே சொன்னது:
உணங்ஙியில்ல.