கொள்ளளவு

வாரம் ஒருநாள் முத்தூர் ஏலக்கூடத்தில்
தேங்காய்ப் பருப்புக்கு எடை எழுதுகிறவன் நான்.
ஒன்றை ஒடித்தால் போதும்,
சத்தத்திலேயே ஈரம் சொல்லிவிடுவேன்.
மேல் மூட்டை வெள்ளை வெளேரென்று இருந்தால்
கைவிடுவது அடி மூட்டையில்தான்.

அந்த நான்தான்
ராத்திரி பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு,
போர்வைக்குள், செல்போன் வெளிச்சத்தில்,
முகம் தெரியாத எவனோடோ
பத்துப் பத்து ரூபாயாய் ஏற்றிக் கேட்டு
ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி மெமரி கார்டை
முந்நூற்று நாற்பதுக்கு எடுத்தேன்.
கடைசி நொடியில் எதிராளி அடங்கினான்.
ஜெயித்தது போலிருந்தது.
விற்றவனும் கேட்டவனும் ஒரே ஆளாக இருக்கலாமென்று
இப்போது படுகிறது.

நகத்தளவு. கறுப்பு.
கம்பெனிப் பேரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தது.
கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.
செல்லில் செருகினேன்: 512 என்று காட்டியது.
அதைப் பற்றி அதனிடமே விசாரித்து
நம்பிக்கொண்டேன்.

கொறங்காட்டில், பட்டிக்கு மேலே,
வெள்வேலா மரத்தில் கேமரா.
தங்கமணி கிளுவை வேலியோரம் நின்று
"ஏனுங்க, நாய் வந்தா இது கொலைக்குமுங்களா?" என்றாள்.
"பாக்கும்" என்றேன்.

பத்தொன்பதாம் நாள் வந்தன.
ஏழு செம்மறி.
ஒன்றின் கழுத்துமணி மட்டும் வேலிக்கு வெளியே கிடந்தது.
கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து,
"வீடியோ இருக்குதுங்களா?" என்றார்.
"இருக்குதுங்க" என்றேன்,
ஐந்நூற்றுப் பன்னிரண்டின் தைரியத்தில்.

தேதி இருந்தது. மணி இருந்தது.
ஒவ்வொன்றும் இத்தனை எம்பி என்று கணக்குகூட இருந்தது.
திறந்தால் கறுப்பு.

செல்போன் கடை ஜெரினா எதையோ ஓடவிட்டு
ஒன்றரை மணி நேரம் கழித்துச் சொன்னாள்:
"எட்டுதானுங்கண்ணா இருக்குது.
மிச்சமெல்லாம் எழுதுனாப்பல காட்டும், வெக்காது."
அடியில் களிமண் அப்பிய வள்ளம் ஞாபகம் வந்தது.
அதில்கூட அளப்பவன் கை கொஞ்சம் கூசும்.

விற்றவனைத் தேடினேன், அந்தப் பேரே அங்கில்லை.
திருப்பி அனுப்பும் கெடு
முடிந்து ஒன்பது நாள்.

அந்த எட்டுக்குள் தங்கியிருந்தது முதல் இரண்டு ராத்திரி.
முதலில் என் மூக்கு, பூசணி மாதிரி.
பின்னால் தங்கமணி சிரிக்கிறாள்.
அப்புறம் அதுகள்.
காது மடங்கினது, பொட்டுநெற்றி,
எப்போதும் தள்ளிப் படுக்கும் கிழட்டு ஆடு,
ஏழும், மற்றதுகளுக்கு நடுவே,
அசைபோட்டுக்கொண்டு.

புதிய கார்டு ஜெரினா கடையிலேயே, பில்லோடு. அறுபத்துநாலு.
மாட்டும் முன் விளிம்புவரை நிரப்பி
எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொன்னாள்.
நிரப்ப என்னிடம் வேறென்ன இருக்கிறது?
அந்த இரண்டு ராத்திரியையே
திரும்பத் திரும்ப ஏற்றினேன்.
ஏழு நகல் உட்கார்ந்தது.
எட்டாவதின் நடுவில் 'இடமில்லை' என்றது.
பழையது ஒருநாளும் சொல்லாத சொல்.

விடிய விடிய ஒவ்வொன்றாய்த் திறந்தேன்.
ஒன்றும் கறுக்கவில்லை.
ஏழேழு நாற்பத்தொன்பது செம்மறி.
எப்போது எழுந்து வந்தாளோ,
"காது மடங்குனதுகிட்ட நிறுத்துங்க" என்றாள் தங்கமணி.
நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் நின்றாள்.
"அழிச்சுட்டு மாட்டுங்க.
இன்னைக்கு ராத்திரியும் வருமுங்க."