முழுக்கை

நேற்று ராத்திரி டிவியில் தாரிகா
அப்பாவின் பெல்ட்டைச் சொன்னாள்,
அப்புறம் மாத்திரையை, பாட்டிலை.

காலையிலிருந்து சாலிகிராமத்தில் அதே பேச்சு.
"அடுத்த படம் வருதுல்ல" என்றார் டீ மாஸ்டர்.
"பெத்தவனை இப்படியா சந்தியில நிறுத்துவா?"
கொக்கி தைக்கக் கொடுத்துவிட்டு
நின்றுகொண்டே இருந்தாள் ஜெயக்கொடி.
டாஸ்மாக் வாசலில் ஒருவன்
"பொம்பள குடிக்கலாமா சார்" என்று கேட்டு
பத்து ரூபாய்க்குக் கை நீட்டினான்.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்,
கோத்ததையே மறுபடியும்.

பதினாலு வயதில் அவளுக்கு அளவெடுத்தவன் நான்.
அக்கினி நட்சத்திரம். ஃபேன் காற்றே சுட்டது.
"முழுக்கை வைங்க மாஸ்டர்" என்றார் அப்பா.
டேப் முழங்கை தாண்டியதும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நோட்டில் எழுதினேன்:
கை நீளம் இருபது.
கூடுதல் துணிக்கு முப்பது ரூபாய்.

வாங்கிக்கொண்டேன்.