அட்டவணை நான்கு

மரினா பே, முப்பத்தெட்டாம் மாடி.
இரவு ஒன்றே கால்.
என் வேலை எளியது:
காற்புள்ளி இடம் மாறியிருக்கிறதா,
61ஆம் பக்கத்துத் தொகைதான்
7ஆம் பக்கத்திலும் இருக்கிறதா.

ஒரு தீவு நாட்டின் கடனில்
நாற்பது சதவீதம் தள்ளுபடி.
முஸ்தஃபாவில் சோப்புப் பெட்டிமேல் ஒட்டுகிற அதே சொல்.
பதிலுக்கு அவர்கள்
பதினோராயிரம் ஹெக்டேர் கண்டல் காட்டை
வெட்டாமல் இருக்க வேண்டும்.
வெட்டினால் வட்டி ஏறும்.
பிரிவு ஒன்பது, உட்பிரிவு இ.

ஆங்கிலத்தில் கடனுக்கு ஒரு சொல், கடமைக்கு இன்னொன்று.
வரையறைப் பக்கத்தில் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன.
எனக்குள் இரண்டும் ஒரே சொல்.
படிக்கும்போது இடறுகிறது.

அவர்கள் தரப்பில் ஒலிவேத்தா, கருவூலத் துறை.
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கம்பளத்தில் வெறுங்கால் பதித்திருந்தாள்.
"இந்தக் கட்டடத்துக்கு அடியில் என்ன?"
மணல் என்றேன், கடலைத் தூர்த்த மணல்.
"எந்தக் கடலின் மணல்?"
வங்கிக்காரர் ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

பிறகு 'என்றென்றைக்கும்' என்ற ஒரு சொல்லின் மேல்
இரண்டு மணி நேரம்.
பதினெட்டு ஆண்டு என்று முடிந்தது.
என் தெம்பினிஸ் வீட்டுக் கடன் அதைவிட நீளம்.

காப்பி எடுக்கும் இடத்தில், சும்மா பேச்சுக்கு,
எங்கள் மொழியில் வட்டி குட்டி போடும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கண்டலும் போடும், என்றாள்.
விதை தாய்க்கிளையிலேயே முளைத்து
ஒரு சாண் நீண்டு
நீர் வற்றிய சேற்றில் குத்திட்டு விழும்.
"அட்டவணை நான்கில் மரத்துக்கு எண் இருக்கிறது.
தொங்குகிற பிள்ளைகளுக்கு?"

தேடினேன். இல்லை.
நண்டு பிடிக்கப் போகிறவர்களும் இல்லை.
'மூன்றாம் தரப்பினர்' என்பதற்குள் எங்காவது
இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருக்கலாம்.

நாலு மணிக்குக் கையெழுத்தானது.
யாரோ கைதட்டினார்கள், ஒருவர் மட்டும்,
பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

முதல் ரயில்.
தெம்பினிஸில் இறங்காமல்
கடைசி நிறுத்தம் வரை போனேன்.
பாசிர் ரிஸ் பூங்காவின் பலகைப் பாதை,
கீழே வற்றிய நீர், கைப்பை இன்னும் தோளில்.
பிஞ்சு முருங்கைக்காய்கள் போலத் தொங்கின.
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழு எண்ணும்போது ஒன்று கழன்று
சேற்றில் நட்டுக்குத்தாக நின்றது.

கூட்டுவதா கழிப்பதா என்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தேன்.