பால்மாவுக்குப் பதிலாக

பால்மா கேட்டிருந்தோம்.
ரொட்டர்டாமிலிருந்து மைத்துனன் அனுப்பிய பொதியில்
ஒரு தீவு இருந்தது,
ஆயிரம் துண்டுகளாக.

‘ஒல்லாந்தர் காலத்து வரைபடம், அத்தான்.
பொழுது போகும்’ என்று சிறு கடிதம்.
பொழுது எங்களிடம் தாராளமாக இருந்தது.
வெள்ளவத்தையில் அன்று
பத்து மணிநேரம் கரண்ட் இல்லை.

சாப்பாட்டு மேசையில் கொட்டினோம்.
சாப்பாடு தரைக்கு இறங்கியது.

ஓரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றாள் நிரஞ்சலா.
வங்கியில் வேலை;
எந்தத் தாளையும் விளிம்பு பார்த்தே உள்ளே போவாள்.
நான் எழுத்துள்ள துண்டுகளைப் பொறுக்கினேன்,
யதுஷன் யானைகளை.
மெழுகுதிரி கடன்கேட்டு வந்த மேல்மாடி சுஹைரா
நின்றவாக்கிலேயே ஒரு கப்பலைக் கட்டி முடித்து
மெழுகுதிரியை மறந்து போனாள்.

இரண்டு நாள் ஒன்றும் பொருந்தவில்லை.
பிறகுதான் பிடிபட்டது:
இந்த வரைபடத்தில் வடக்கு
இடக்கைப் பக்கம்.
யாழ்ப்பாணத்தில் தலைவைத்து
தீவு சரிந்து கிடந்தது.
‘ஏன் படுத்திருக்கு? காய்ச்சலா?’
யதுஷன் தொட்டுப் பார்த்தான்.

நிரஞ்சலாவின் நெடுங்கேணி இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு யானை.
நாங்கள் வாடகை கட்டும் இடத்தில்
மூன்று மரம்.
மரங்களிடம் யாரும் ஆறுமாத முற்பணம்
கேட்டிருக்கமாட்டார்கள்.

கடல்தான் கொல்லும்.
முந்நூறு துண்டும் ஒரே நிறம்,
பால் விடாத தேத்தண்ணி நிறம்.
ஜன்னலுக்கு வெளியே அசல் கடல்
ஒரு உதவியும் செய்யவில்லை.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
மேசை நடுங்கி
மாத்தறை அரைவிரல் நகரும்.
திரும்பத் தள்ளிவைப்போம்.

மேல்மூலையில், பூவேலைச் சட்டத்துக்குள்,
முழந்தாளிட்ட ஒருவன்.
இடுப்பில் ஒரு முழத் துணி.
எதிரே பட்டுடுத்த சீமாட்டி,
சிங்கத்தின் முதுகில் கால் ஊன்றி.
இரண்டு கையும் ஏந்தி அவளுக்கு எதையோ கொடுக்கிறான்.
எதை என்று தெரியாது,
அந்தத் துண்டு அகப்படவில்லை.
மூன்று நாள் வெறுங்கையை நீட்டியபடி இருந்தான்.

காஸ் வரிசையில் அவனை நினைத்தேன்.
எனக்கு முன்னால் நின்றவர்
தன் சிலிண்டரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்.
இரவு வந்து அதையும் சொன்னேன்.
நிரஞ்சலா ஒன்றும் பேசாமல்
கடலில் இரண்டு துண்டு பொருத்தினாள்.

யதுஷன் அவன் கையில்
மாரி பிஸ்கட்டின் ஒரு மூலையை வைத்துவிட்டான்.
காலையில் எறும்பு,
காலித் துறைமுகம் வரைக்கும் வரிசையாக.

நாலாம் இரவு, பெட்டியின் மடிப்புக்குள்ளிருந்து விழுந்தது
தட்டு.
நிறையக் கறுவாச் சுருள்.
இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றது.
கரண்டும் வந்தது. கீழ்வீட்டில் கைதட்டினார்கள்.
வெளிச்சத்தில் பார்த்தோம்:
சீமாட்டிக்கு வலக்கை இல்லை.
முழங்கைக்குக் கீழே மேசைப்பலகை தெரிந்தது.
அவன் நீட்டுகிறான்.
வாங்க ஆள் இருக்கிறாள், கை இல்லை.

வீடு முழுக்கப் பெருக்கினாள் நிரஞ்சலா,
குசினி, படுக்கையறை, வாசல்மிதி,
அலுமாரிக்குக் கீழே மட்டும் விளக்குமாறு போகவில்லை.
நானும் டோர்ச் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசை தேவைப்பட்டது.
நாலு நாள் தீவு
நாலு நிமிடத்தில் பெட்டிக்குள்.
அந்த மூலையை மட்டும் பிரிக்காமல்
தட்டும் ஆளுமாக மேலே வைத்து மூடினாள்.

மைத்துனன் எடுத்தான். முடிச்சாச்சா என்றான்.
ஒன்று குறையுது என்றேன்.
‘அது பிரச்சினையில்லை, அத்தான்,
கம்பனிக்கு எழுதினா
அந்தக் கையை அனுப்பிவைப்பினம்.’

குசினியிலிருந்து அவள் குரல்:
‘கம்பனியின்ர கை வேண்டாமெண்டு சொல்லுங்கோ.
பால்மா.
ரெண்டு பக்கெட்.’