புளியரையில் இரவு ஷிஃப்ட்

கேரளத்திலிருந்து காலியாகத் திரும்பும்
கோழி லாரிகளின் சக்கரங்களுக்கு
மருந்தடிக்கிறேன்.
எனக்கு ஏழு வயதில் தொடங்கினார்கள்.

புனலூர் டாக்டர் எழுதிய மாத்திரை,
காலை ஏழே முக்காலுக்கு.
எட்டரைக்கெல்லாம்
ஜன்னல் வெறும் ஜன்னலாகிவிடும்.
கூட்டல் கணக்கு கடைசி வரி வரை காத்திருக்கும்.
பசிதான் வராது.
என் எலுமிச்சைச் சோற்றில்
பள்ளிக்கூடத்து நாய் கொழுத்தது.

ஒன்பது வருஷம்.
கிங்ஸ்லி அண்ணனைவிட இரண்டு அங்குலம் குட்டை நான்.
மாத்திரையாலா, அம்மா வழியா?
“தீர்த்துப் பறயான் பற்றில்ல, மோனே.”
பத்தாம் வகுப்பு பாஸானதற்கு எது காரணமென்று
நான் கேட்கவில்லை.

சட்டைப் பையில் மகளுக்கான சீட்டு:
அதே மருந்து, வேறு கம்பெனி.

எஸ் வளைவில் விளக்கு இறங்குகிறது.
பம்பைத் தூக்குகிறேன்.
மணி பதினொன்று.
மாத்திரை விட்டுப் பதினைந்து வருஷமாகியும்
இந்நேரத்துக்குத்தான் பசிக்கிறது.